மவுஸ் பிடித்தவள்

அவளை நான் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் மாறி அவளைக் கட்டிப்பிடித்து அழுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கும் யாராவது அவள் பேச்சை எடுத்தால் என் காது சூடாகிவிடும்.

ஓசூரில் ஃபிக்ஸர் செய்யும் கம்பெனி ஒன்றில், டிசைன் பிரிவில் இருக்கிறேன். ஃபிக்ஸர் என்றால், மெஷினில் ஒரு பாகத்துக்குத் துளை போடும்போது அது ஆடாமல் பிடித்துக்கொள்கிற இரும்புச் சாமான். அதை முதலில் கம்ப்யூட்டரில் முழு உருவமாகச் செய்து பார்ப்போம். அதற்குப் பெயர் மாடல். அவளும் நானும் ஒரே நாளில் இங்கே வேலைக்குச் சேர்ந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே டிப்ளமோதான். நான் நாகரசம்பட்டிக்காரி, அவள் திருநெல்வேலிப் பக்கம். வந்த வாரமே இரண்டு பேரும் சேர்ந்து ஓசூரில் ஒரு ரூம் எடுத்தோம். ஒரே அடுப்பு, ஒரே கண்ணாடி, காலையில் ஒரே கம்பெனி பஸ்.

எங்கள் வேலையில் பாதி, பேட்டர்ன். ஒரே மாதிரி பத்துத் துளை வேண்டுமென்றால் பத்தையும் உட்கார்ந்து வரைகிற பைத்தியம் யாரும் இல்லை. ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். எந்தத் திசையில், எவ்வளவு இடைவெளியில், எத்தனை என்று சொன்னால் கம்ப்யூட்டரே மீதியை வரிசையாகப் போட்டுவிடும். அது லீனியர் பேட்டர்ன். எந்த அச்சைச் சுற்றி, எத்தனை என்று சொன்னால் வட்டமாகப் போட்டுவிடும். அது சர்க்குலர். முதல் துளை எப்படியோ, மீதியும் அப்படியே. முதலாவதை நகர்த்தினால் எல்லாம் கூடவே நகரும். முதலாவதை அழித்தால் எல்லாம் போச்சு.

இதைக்கூட அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ட்ரெயினிங்கில் இருந்தபோது ஒரு டிரே கொடுத்திருந்தார்கள். சின்னச் சின்ன பாகங்களை அடுக்கி வைக்கிற தட்டு, வரிசை வரிசையாகக் குழிகள். நான் முடித்துவிட்டு எட்டிப் பார்த்தால், இவள் ஒவ்வொரு குழியாக அளந்து அளந்து வரைந்துகொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னாடி, கோலத்துக்குப் புள்ளி வெச்சுக்கினு இருக்கியா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

மொத்த ரூமும் சிரித்தது. அவள் முகம் சுருங்கிப்போனது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டே நிமிஷத்தில் லீனியர் பேட்டர்னைக் காட்டிக்கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள்தான் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தாள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். கஸ்டமர் ரிவ்யூவுக்கு வரும்போது, பெரிய திரையில் மாடலைச் சுற்றிக் காட்டுகிறவர் யாரோ, அவர்தான் அதைச் செய்தவர். மவுஸ் யார் கையில் இருக்கிறதோ அவருடைய டிசைன். மேனேஜர் அறிமுகமெல்லாம் செய்யமாட்டார். கஸ்டமர் கேள்வி கேட்பது மவுஸ் பிடித்தவரிடம், அடுத்த வேலைக்குக் கேட்டு வாங்குவதும் மவுஸ் பிடித்தவரைத்தான். எத்தனை நாள் கழுத்து ஒடிய உட்கார்ந்து செய்தாலும் மவுஸ் பிடிக்காதவள் அந்த ரூமில் டீ குடிக்க வந்தவள்தான்.

என் கைக்கு ஒரு நல்ல வேலை வந்தது. பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு வட்டத் தட்டு. வட்டத்தில் சம இடைவெளியில் ஆறு இடம். ஆனால் ஓர் இடத்தில் கிளாம்ப், அதாவது பாகத்தை அழுத்திப் பிடிக்கிற இரும்புக் கை, உட்கார வேண்டும். அதனால் அங்கே மட்டும் துளை கூடாது. நான் சர்க்குலர் பேட்டர்னில் ஆறு என்று போட்டு, நான்காவதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். முதல் துளைக்கு நேர் எதிரே நான்காவது, அங்கே கிளாம்ப். பார்க்கவே அம்சமாக வந்திருந்தது. "இந்த ரிவ்யூ பண்றவங்கதான் அடுத்த பெரிய பிராஜக்டுக்கு லீட்" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அவர் கன்னடக்காரர், அவர் தமிழில் பாதி கன்னடம் இருக்கும், ஆனால் வாக்கு மாற மாட்டார்.

அந்த லீட் நாற்காலிக்கு நான் எப்படி ஆசைப்பட்டேன் தெரியுமா! எங்கள் வீட்டில் எல்லாரும் மாந்தோப்பில் கூலிக்குப் போனவர்கள். நான் ஒருத்தி கம்பெனிக்கு வந்தேன். அப்பாவுக்கு கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் மவுஸ் விஷயம் மட்டும் நன்றாகத் தெரியும், நான் சொல்லி வைத்திருந்தேன். போனில் நலம் விசாரிக்கும் முன்னாலேயே, "மவுசு இப்ப யாரு கைல?" என்றுதான் கேட்பார்.

அந்த அப்பாவுக்குத்தான் கண் ஆபரேஷன். கிருஷ்ணகிரியில். ரிவ்யூவுக்கு முந்தின நாள் ஆபரேஷன், அன்றைக்கு ஒரு நாள் கூட இருந்துவிட்டு மறுநாள் விடிகாலை பஸ்ஸைப் பிடித்தால் ரிவ்யூவுக்கு வந்துவிடலாம். இதையெல்லாம் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். ரூமில் வேறு யாரிடம் சொல்வது? கிளம்பும்போது அவளே எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தாள். "அப்பாவ நல்லா பாத்துக்கட்டி, இங்க நான் இருக்கேன்லா" என்றாள். நான் இருக்கேன்லா! அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஒற்றைக் கண்ணில் கட்டோடு அப்பா, "நாளைக்குத் தானே பெங்களூருகாரங்க வராங்க? நீ நேரத்துக்குப் போயிடு" என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறினேன். குருபரப்பள்ளியில் பஸ் நின்றது. மாங்காய்க் கூடைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சார்ஜ் போயிருந்த போனை பவர் பேங்கில் போட்டு உயிர்ப்பித்தேன். ஆபீஸ் குரூப்பில் ஒரு போட்டோ கிடந்தது. முந்தின நாள் எடுத்தது. பெரிய திரையில் என் வட்டத் தட்டு. சுற்றிலும் பெங்களூர்க்காரர்கள். நடுவில் அவள், கையில் மவுஸ். கீழே எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

மிச்சம் இருந்த எலுமிச்சை சாதத்தை டப்பாவோடு ஜன்னல் வழியே எறிந்தேன். டப்பா என்னுடையது. அதுவும் எனக்குத்தான் நஷ்டம்.

ஆபீசுக்குப் போய் நேராக மேனேஜர் முன்னால் நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உன் ஃப்ரெண்டு நல்லா பண்ணிட்டாம்மா. கஸ்டமருக்கு ரொம்ப குஷி. நீ பேட்டர்ன் மட்டும் போட்டுக் குடுத்தேன்னு சொன்னா. தேங்க்ஸ்."

"சார், ரிவ்யூ இன்னிக்குத் தானே?"

"ஹௌதா, அப்படியா? அவதானே போன் பண்ணி ஒரு நாள் முன்னாடி வெச்சுக்கலாம்னு கஸ்டமர் கிட்ட கேட்டா? உனக்குத் தெரியாதா?"

தெரியாது. மாடல் முழுக்க என்னுடையது சார் என்று சொன்னேன். அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்துவிட்டு, "மவுஸ் அவ கையில இருந்துச்சேம்மா" என்றார். அவ்வளவுதான். அந்த வாரமே அவள் லீட். நான் அவளுக்குக் கீழே.

ரூமில் பிடித்துக் கேட்டேன். "ஏன்டி இப்படிப் பண்ண? நான் உனக்கு என்னா கெடுதல் பண்ணேன்?"

அவள் துணியை மடித்துக்கொண்டே பேசினாள், நிமிரவே இல்லை. "ஏட்டி, ரெண்டு பேரு வேலைதான. நீ இருந்தா நீ புடிச்சிருப்ப. நீ இல்ல, நான் புடிச்சேன். நீ எல்லாத்தையும் பெருசாக்காத."

அழுதிருந்தால்கூட விட்டிருப்பேனோ என்னவோ. மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று வேறு கேட்டாள். அப்போது முடிவு பண்ணினேன். புகார் கொடுக்கப் போவதில்லை. சண்டையும் போடப் போவதில்லை. எந்த ரூமில் என்னுடையதைப் பிடுங்கினாளோ, அதே ரூமில், அதே ஆட்கள் முன்னால், அந்த மவுஸை அவளே என் கையில் தர வேண்டும்.

அதுவரைக்கும் சும்மா இருந்தேனா? அதெல்லாம் இல்லை. அவளைக் காலையில் எழுப்புவது எப்போதும் நான்தான். எழுப்புவதை நிறுத்தினேன். பூனை மாதிரி குளித்து, பூனை மாதிரி உடுத்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அவள் ஈரத்தலையோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவதை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். வயிறு குளிர்ந்துபோகும். வீட்டிலிருந்து வந்த ஆவக்காய் ஊறுகாயைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அவளுக்கு அது இல்லாமல் சாதம் இறங்காது.

பிறகு அந்தத் தட்டே திரும்ப வந்தது. கஸ்டமர் தங்கள் பாகத்தை மாற்றப் போகிறார்களாம், ஆறு இடத்துக்குப் பதில் எட்டு கேட்டாலும் கேட்பார்கள், ரிவ்யூவிலேயே மாற்றிக் காட்ட வேண்டியிருக்கும் என்று மேனேஜர் எச்சரித்தார். ரிவ்யூவுக்கு முந்தின சாயங்காலம் அவள் என் மேஜைக்கு வந்தாள். வெகு நாளைக்குப் பிறகு குழைந்து பேசினாள்.

"ஏட்டி, எட்டு கேட்டா என்ன செய்யணும்?"

"பேட்டர்ன்ல நம்பர மாத்து. அவ்ளோதான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்னா இருக்குது?"

பொய் சொல்லவில்லை. பாதி சொன்னேன். ஆறு இடத்தில், முதலாவதுக்கு நேர் எதிரே வருவது நான்காவது. எட்டு இடத்தில் எதிரே வருவது ஐந்தாவது. கம்ப்யூட்டருக்கு கிளாம்ப் என்றால் என்ன தெரியும்? நான்காவதை விடு என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், எத்தனை ஆனாலும் அது நான்காவதைத்தான் விடும். எண்ணை மாற்றினால் விடுகிற இடத்தையும் மாற்ற வேண்டும். அந்த மாடலைச் செய்தவளுக்கு இது தெரியும். செய்தேன் என்று சொன்னவளுக்குத் தெரியாது.

மறுநாள் பெங்களூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மவுஸ் அவள் கையில். நான் சுவரோரம், பின் வரிசையில், டீ கிளாசோடு. எதிர்பார்த்தபடியே அவர்களில் மூத்தவர் எட்டு கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே ஆறை அழித்து எட்டு அடித்தாள். திரையில் துளைகள் ஒரு துள்ளு துள்ளி இடம் மாறி நின்றன. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று காணோம். கிளாம்ப் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே பளிச்சென்று ஒரு துளை.

"கிளாம்புக்குக் கீழே ஏன் துளை?" என்றார் மூத்தவர்.

அவள் மாடலைச் சுற்றினாள். திருப்பினாள். பெரிதாக்கினாள். பிறகு, வேண்டாத துளையை அழிப்பதாக நினைத்து முதல் துளையை அழித்தாள். மொத்தமும் போச்சு. வழுவழுவென்று தட்டு மட்டும் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை நான் அந்தக் கம்பெனியில் குடித்ததே இல்லை.

"ஏனம்மா, நீதானே பண்ணே?" என்றார் மேனேஜர் அவளிடம்.

"ஏட்டி, நீ கொஞ்சம் வந்து பாரேன்" என்றாள் என்னிடம்.

நான் எழுந்திருக்கவில்லை. "நான் பேட்டர்ன் மட்டும்தானே சார் போட்டுக் குடுத்தேன்" என்றேன் மேனேஜரைப் பார்த்து. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவளே மவுஸை விட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். அந்த மவுஸ் அவள் வியர்வையில் நனைந்திருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதை என் துப்பட்டாவில் துடைத்தேன். அழிந்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன், எட்டு அடித்தேன், நான்காவதைப் போடச் சொல்லி ஐந்தாவதை விட்டேன். கண் சிமிட்டுகிற நேரம்தான். மூத்தவர் கை தட்டினார்.

லீட் நாற்காலி எனக்கு வந்தது. அவள் எனக்குக் கீழே வந்தாள், ரூமையும் காலி செய்துகொண்டு போனாள். அப்பாவுக்குப் போன் போட்டு, "என் கைக்கு வந்துடுச்சுப்பா" என்றேன். இரண்டு பாட்டில் ஊறுகாய் அனுப்பினார், ஒன்று அந்தத் திருநெல்வேலிப் பெண்ணுக்காம். இரண்டையும் நானே தின்று தீர்த்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு ஆறவில்லை. தினமும் அவள் என் எதிர் மேஜையில் உட்கார்ந்து, தலை குனிந்து வேலை செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் குருபரப்பள்ளியில் பார்த்த போட்டோ ஞாபகம் வரும். ஒரு தடவை பிடுங்கினது போதாது என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு டிரே செய்தாள். மெஷினிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட வரும் பாகங்களை வைக்கிற தட்டு. எண்ணெய் வடிய வேண்டும் என்பதால் தட்டின் அடிப்பாகம் ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு குழிக்கும் ஆழம் வேறு. நன்றாகச் செய்திருந்தாள். நன்றாக என்றால், என் வாயால் சொல்லக்கூடாத அளவுக்கு நன்றாக. முழுக்க அவளே செய்தது. வழக்கப்படி மவுஸ் அவளுடையது. ரிவ்யூ அன்று அவள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நான் போய் அதில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஏனம்மா, அவ காட்டலையா?" என்றார் மேனேஜர்.

"லீட் நான்தானே சார், நான் காட்டறேன்" என்றேன்.

அவள் பின் வரிசைக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். யாரோ அவளிடம் ஒரு டீ கிளாசை நீட்டினார்கள்.

டிரேயைச் சுற்றிக் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்தது. அதே பெங்களூர் மூத்தவர், "வரிசைக்கு வரிசை இடைவெளி கொஞ்சம் கூட்டிக் காட்டுங்க" என்றார். இது என்ன பெரிய விஷயம்? இடைவெளியைக் கூட்டி அடித்தேன். கடைசி வரிசைக் குழிகள் அத்தனையும் தட்டின் அடியைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தன. திருப்பினேன். பெரிதாக்கினேன். அவள் எங்கேயோ ஏதோ ஒன்றைப் பிடித்து அந்த ஆழத்தைச் சரிவோடு கட்டி வைத்திருந்தாள், இடைவெளியோடு அதையும் மாற்ற வேண்டும், ஆனால் எதைப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பேட்டர்னை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எல்லாக் குழியும் முதல் குழியின் ஆழத்திலேயே வந்து நின்றன, கடைசி வரிசைகள் மறுபடியும் அடியைப் பொத்தின.

திரும்பிப் பார்த்தேன். பாவி, டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் எப்படிக் குடித்தேனோ அப்படியே, அவசரமே இல்லாமல், கிளாசுக்கு மேலே கண்ணை வைத்துக்கொண்டு.

ஒரு வார்த்தை போதும். கொஞ்சம் வந்து பாரேன் என்று சொன்னால் வந்திருப்பாள், நான் எழுந்திருக்க வேண்டும், நாற்காலி அவளுக்குப் போகும். என் நாக்கில் அந்த வார்த்தை வரவில்லை. செத்தாலும் வராது. "ஒரு நிமிஷம் சார்" என்றேன். பேட்டர்னைத் தூக்கிப் போட்டுவிட்டு முதல் குழிக்குப் பக்கத்தில் இரண்டாவதைக் கையாலேயே வரைந்தேன். ஆழத்தைக் கணக்குப் போட்டு அடித்தேன். அப்புறம் அடுத்தது. அப்புறம் அதற்கு அடுத்தது. பெங்களூர்க்காரர்களில் ஒருவர் போன் பேச வெளியே போனார். மூத்தவர் வாட்ச்சைப் பார்த்தார். "ஆய்த்தா அம்மா, முடிஞ்சுதா?" என்று மேனேஜர் கேட்டார். அப்போதுதான் இரண்டாவது வரிசை ஆரம்பித்திருந்தேன்.

அவள் எழுந்து வந்தாள். காலி கிளாசை என் மேஜை ஓரத்தில் வைக்கிற சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"என்னட்டி, கோலத்துக்குப் புள்ளி வைக்குதியா?"

நான் திரும்பவில்லை. மவுஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த குழியை வரைந்தேன்.